நூற்றொன்பது பல்லும் நூற்றுமுப்பது பல்லும்

குயவன் தன் திகிரியை ஓயாது சுற்றிக்கொண்டிருப்பதில்லை. கோலைக் கொடுத்து நாலைந்து தரம் விசையாக உந்திவிட்டு, கோலை ஒரு புறம் வைத்துவிடுகிறான். அதன் பின்னர் அவனுடைய இரு கைகளும் மண்ணுக்கே உரியன. அவன் உந்திய உழைப்பு எங்கே போயிற்று? அது சக்கரத்தின் பாரத்திலே தங்கி நிற்கிறது; கை ஓய்ந்த பின்பும் அவனுக்காக வேலை செய்கிறது. உழைப்பைச் சேமித்து வைத்து, வேண்டும்போது சிறிது சிறிதாகச் செலவிடலாம் என்பதை மனிதன் கற்றுக்கொண்ட இடங்களுள் குயவனின் முற்றமும் ஒன்று எனலாம்.

இன்றைய மோட்டார் எஞ்சினின் முனையிலும் அதே திகிரி இருக்கிறது. பாடநூல்கள் அதனைப் பறப்புச் சில்லு என்கின்றன. கராச்சுகளில் அதற்குப் பெயர் பிளைவீல். இக்கட்டுரை அத்தகைய ஒரு சில்லைப் பற்றியது. ஒரு காலத்து எஞ்சினின் சில்லை இன்னொரு காலத்துக் கியர்ப் பெட்டியோடு பொருத்திய வேலையைப் பற்றியது. இலக்கிய ஏட்டிலே இரும்புச் சில்லுக்கு என்ன அலுவல் என்று வாசகர் சிலர் கேட்கக்கூடும். உழைக்கும் மக்களின் வாழ்வை எழுதவேண்டும் என்பது எமது ஏடுகளின் நெடுநாளைய கொள்கை. அவர்களுடைய வறுமை எழுதப்பட்டிருக்கிறது, கண்ணீர் எழுதப்பட்டிருக்கிறது, கோபமும் ஓரளவு எழுதப்பட்டிருக்கிறது. அவர்களுடைய அறிவு பற்றிய எழுத்தோ மிக அரிது. அவ்வறிவின் ஒரு சிறு துண்டையேனும் எழுத்திலே வைப்பது இலக்கியத்துக்குப் புறம்பான அலுவலன்று என்பது எமது துணிபு.

முதலிற் சில்லின் தொழிலைச் சொல்லிவிடுவோம். நாலடிப்பு எஞ்சினிலே உறிஞ்சல், நெருக்கல், வலு, வெளியேற்றல் என நான்கு அடிப்புகள் உள்ளன. இவற்றுள் ஒன்றே கொடுப்பது. ஏனைய மூன்றும் உண்பன. எரிபொருள் எரிந்து பிஸ்ரனை உந்தும் கணத்திற் கிடைக்கும் வலுவைச் சில்லு வாங்கி வைத்துக்கொண்டு, கொடுப்பதற்கு ஒன்றுமில்லாத கணங்களில் எஞ்சினைத் தாங்கிச் செல்கிறது. நான்கு உருளைகள் முறைவைத்து வேலை செய்யும் எஞ்சினில் அரைச் சுற்றுக்கு ஓர் உந்துதல் கிடைக்கும். ஆயினும் இரண்டு உந்துதல்களுக்கு இடையே உள்ள பள்ளத்தை நிரப்பச் சில்லு வேண்டியிருக்கிறது.

சில்லுக்கு வேறு இரு தொழில்களும் உள. அதன் முகத்திலே கிளச் தட்டு அழுந்தி, எஞ்சினின் வலுவைக் கியர்ப் பெட்டிக்குக் கொண்டுசெல்கிறது. அதன் விளிம்பில் உள்ள பற்களைப் பிடித்தே ஸ்ராட்டர் மோட்டார் எஞ்சினைக் கிளப்புகிறது. ஆகவே சில்லு மூவரோடு உறவு பூண்டது: கிராங்க் தண்டு, கிளச், ஸ்ராட்டர். இம்மூவரில் ஒருவரோடு ஒவ்வாவிட்டாலும் வண்டி அசையாது. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, சில்லைச் சுற்றி மூடியிருக்கும் கியர்ப் பெட்டியின் மணிவடிவக் கூட்டுக்குள் அது தட்டாமற் சுழலவும் வேண்டும்.

எம்மிடம் 1962ஆம் ஆண்டைச் சேர்ந்த வொக்ஸ்வாகன் வண்டியொன்று உண்டு. உலகம் வண்டு என்று செல்லமாக அழைத்த அதே வடிவம். அதன் எஞ்சினுக்கு நீர் வேண்டாம். விசிறி வீசும் காற்றும் உள்ளே ஓடும் எண்ணெயுமே அதன் சூட்டைத் தணிப்பன. 1192 கன சென்ரிமீற்றர், 34 குதிரைவலு, 6 வோல்ற் மின்னமைப்பு. பல்லாண்டுகள் உழைத்ததன் பயனாக, அவ்வெஞ்சினின் கூட்டிலே கிராங்க் தண்டு அமரும் இடங்கள் தேய்ந்துவிட்டன. மீண்டும் கடைந்து சீர்செய்யத்தக்க எல்லையையும் அத்தேய்வு கடந்துவிட்டது. வேறு எஞ்சின் தேடவேண்டியதாயிற்று.

கொழும்பிலே பழைய உதிரிப்பாகங்களுக்குப் பெயர்பெற்ற பஞ்சிகாவத்தையில், 1969ஆம் ஆண்டு வண்டியொன்றின் எஞ்சின் கிடைத்தது. 1493 கன சென்ரிமீற்றர், 44 குதிரைவலு, 12 வோல்ற். அதை விற்றவர் சிங்களத் தொழிலாளி. எமது சிங்களமும் அவருடைய தமிழும் ஒன்றையொன்று தேடித் தடுமாறின. எமது வண்டியின் ஆண்டை அறிந்ததும் அவர் ஒரு வெண்கட்டியை எடுத்து எஞ்சின் கூட்டின்மேல் 130 என்று எழுதினார். பக்கத்தில் 109 என்று எழுதி, அதனைச் சுற்றி ஒரு வட்டமிட்டார். பின்னர் தலையை அசைத்தார். அவர் சொல்ல வந்தது முழுவதும் எமக்கு விளங்கவில்லை. ஆயின், அந்த எழுத்தோடு எஞ்சின் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தபோது, அதைக் கண்ட மூத்த மெக்கானிக்குக்கு மறுமொழி எதுவும் தேவைப்படவில்லை. “அவர் சரியாய்த்தான் எழுதியிருக்கிறார்” என்றார். மொழியால் எட்டிநிற்கும் இருவர் இரண்டே எண்களாற் பேசிக்கொண்டதை அன்று கண்டோம்.

இந்த மூத்தவரை ஊரார் அண்ணை என்றே அழைப்பர், நாமும் அவ்வாறே. மொறிஸ் மைனரோடும் ஒஸ்ரினோடும் ஐம்பது ஆண்டுகள் பழகிய கை அவருடையது. எஞ்சினைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு அவர் கூறியது இது:

“மாஸ்டர், எஞ்சின் ஏறும். நாலு போல்ற்றும் நேராய்த்தான் வரும். ஆனால் சுத்தாது.”

இந்த மூன்று சிறு வசனங்களுக்குள் ஒரு தொழிற்சாலையின் இருபதாண்டு வரலாறு அடங்கியிருக்கிறது. வொக்ஸ்வாகன் நிறுவனம் எஞ்சினைப் பெருப்பித்துக்கொண்டே போன காலத்திலும், எஞ்சின் கியர்ப் பெட்டியோடு சேரும் நான்கு போல்ற்றுகளின் இடத்தை மாற்றவில்லை. சில்லு கிராங்க் தண்டோடு சேரும் இடத்திலும் நான்கு முளைகளும் நடுவே ஒரு பெரிய போல்ற்றும் என்ற முறையையே தொடர்ந்தது. ஆனால் 1966, 1967 ஆகிய ஆண்டுகளில், நாட்டுக்கு நாடு சிறிது முன்பின்னாக, மின்னமைப்பு 6 வோல்ற்றிலிருந்து 12 வோல்ற்றுக்கு மாறியபோது சில்லும் மாறியது. பழைய சில்லுக்கு 109 பற்கள். புதியதற்கு 130 பற்கள். பழைய கிளச் தட்டு 180 மில்லிமீற்றர் விட்டமுடையது. புதிய எஞ்சினுக்கு உரியதோ 200 மில்லிமீற்றர். பற்களின் இடைவெளியும் வேறு. சில்லின் விட்டமும் சற்றுப் பெரிது. அந்தச் சற்றே பழைய கூட்டின் உட்சுவரிற் போய் உரசுகிறது. வெளியே நின்று பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றே. உள்ளே நுழைந்து எண்ணுபவருக்குத்தான் வேற்றுமை தெரியும்.

வழிகள் மூன்று உள என்று அண்ணை சொன்னார். பழைய 109 பற் சில்லையே புதிய எஞ்சினிற் பூட்டலாம். அப்பொழுது 34 குதிரைவலுவுக்கு அளந்த சிறிய கிளச் 44 குதிரைவலுவைச் சுமக்கவேண்டும். ஏற்றத்திலும் பாரத்திலும் அது வழுக்கும். அல்லது அந்தப் பழைய சில்லைக் கடைசல் இயந்திரத்திற் போட்டு, 200 மில்லிமீற்றர்க் கிளச் அமரும்படி முகத்தை அகலக் கடைந்து, புதிய துளைகள் இடலாம். அல்லது 130 பற் சில்லை அப்படியே வைத்துக்கொண்டு, கூட்டை உட்புறம் அராவி, ஸ்ராட்டரையும் மாற்றலாம்.

முதலாம் வழியை அவர் உடனே தள்ளினார். இரண்டாம் வழியைத் தள்ளுமுன் பழைய சில்லைக் கழுவி வெயிலில் வைத்துப் பற்களைப் பார்த்தார். எதிரெதிரான இரண்டு இடங்களிலே மட்டும் பற்கள் கூர்மழுங்கித் தேய்ந்திருந்தன. இது தற்செயலன்று. நான்கு உருளை எஞ்சின் நிறுத்தப்படும்போது, நெருக்கல் அடிப்பின் எதிர்ப்பு அதனைப் பெரும்பாலும் இரண்டு நிலைகளில் ஒன்றிலே கொண்டுவந்து நிறுத்துகிறது. ஆகவே ஸ்ராட்டரின் பல் வந்து மோதுவது எப்பொழுதும் அந்த இரண்டு இடங்களிலேயே. மொறிஸ் மைனராயின் இதற்கு மருந்து உண்டு. அங்கே பல்வளையம் வேறு, சில்லு வேறு. பழைய வளையத்தைக் கழற்றிவிட்டு, புதியதைச் சூடாக்கி விரியச்செய்து சில்லின்மேல் இறக்கினால், ஆறும்போது அது தானே இறுகிப் பிடித்துக்கொள்ளும். இந்த வண்டியிலோ பற்கள் சில்லின் விளிம்பிலேயே வெட்டப்பட்டவை. தேய்ந்த பல்லை மாற்றுவதற்கு வழியில்லை. மூன்றாம் வழியே எஞ்சியது.

இவ்விடத்தில் ஒரு செய்தியை அழுத்திச் சொல்லவேண்டும். இதுவரை ஒரு குறடுகூட எடுக்கப்படவில்லை. எண்ணினார், அளந்தார், காரணம் கண்டார், மூன்று வழிகளின் நன்மை தீமைகளை நிறுத்துப் பார்த்தார். ஆராய்ச்சி என்று பல்கலைக்கழகங்களிலே சொல்லப்படும் தொழிலுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, அவர் இருந்தது ஒரு தகரக் கொட்டிலிலே, ஒரு பழைய ரயரின் மேலே என்பதுதான்.

கூட்டை அராவுவதிலே ஓர் ஆபத்து உண்டு. அக்கூடு மக்னீசியம் கலந்த இலேசான உலோகம்; அதன் பொடி தீப்பற்றக் கூடியது; பற்றினால் நீரூற்றி அணைக்க முயல்வது தீயை வளர்ப்பதாகும். பாடசாலை ஆய்கூடத்திலே மக்னீசிய நாடா கண்கூச எரிவதை நாம் மாணவருக்குக் காட்டுகிறோம். அதே உண்மையை அண்ணை வேறுவகையிற் கற்றுவைத்திருக்கிறார். வேலை தொடங்குமுன் பீடி பிடிப்போர் வெளியே அனுப்பப்பட்டனர்; வாளி நிறைய உலர்ந்த மணல் அருகே வைக்கப்பட்டது; பொறி தெறிக்கும் சாணைக்கல்லை விடுத்துக் கையரமே எடுக்கப்பட்டது. சில்லின் விளிம்பில் விளக்குக் கரியை எண்ணெயிற் குழைத்துப் பூசி, எஞ்சினைக் கூட்டோடு சேர்த்து, கையாற் சுற்றிப் பார்த்தனர். பின்னர் இறக்கிப் பார்த்தபோது, கரி பட்ட இடமே அராவ வேண்டிய இடம். அங்கே மட்டும் அராவுவர், மீண்டும் பூசுவர், மீண்டும் சேர்ப்பர். இவ்வாறு ஏழு முறை. எட்டாம் முறை கரி எங்கும் ஒட்டவில்லை. அதன் பின்னும், ஓடும்போது உலோகம் சூட்டால் விரியும் என்பதற்காக மேலும் ஒரு சுற்று அராவப்பட்டது.

ஸ்ராட்டரின் தண்டு முனை, கூட்டிலே உள்ள ஒரு வெண்கலப் புஷ்ஷில் அமர்ந்து சுழல்வது. 6 வோல்ற் ஸ்ராட்டரின் தண்டு தடித்தது. 12 வோல்ற்றினது மெலிந்தது. பழைய புஷ்ஷில் மெல்லிய தண்டைச் செருகினால் அது தலையாட்டிப் பற்களைத் தின்னும். ஆகவே வெளிப்புறம் பழைய துளைக்கும் உட்புறம் புதிய தண்டுக்கும் பொருந்தும்படி ஒரு புஷ் கடையப்பட்டது. விரல் நுனியளவேயான அந்த வெண்கலத் துண்டில் இரண்டு காலங்கள் ஒன்றோடொன்று சமாதானமாயின. விளக்குகள், மின்சீராக்கி முதலியனவும் 12 வோல்ற்றுக்கு மாற்றப்பட்டன. கிளச்சை விடுவிக்கும் பெயரிங்கும் அழுத்தும் தட்டும் ஒன்றுக்கொன்று உரியனவா என்பதும் பார்க்கப்பட்டது. 1971க்குப் பிற்பட்ட தட்டுகளில் நடுவளையம் இராது என்பதை அண்ணை அறிவார்.

இனி, அந்தக் கராச்சிலே தொழில் பழகும் இளைஞனைப் பற்றிச் சொல்லவேண்டும். வயது பத்தொன்பது. சாதாரண தரத்திலே கணிதம் சித்தியடையாமையால் பாடசாலை அவனை வெளியே விட்டுவிட்டது. சில்லைப் பூட்டும் வேலை அவனிடமே கொடுக்கப்பட்டது.

சில்லுக்கும் எஞ்சின் கூட்டின் பெயரிங்குக்கும் இடையே மூன்று மெல்லிய உருக்கு வளையங்கள் உள. கராச்சில் அவற்றைச் சிம் என்பர். கிராங்க் தண்டு முன்னும் பின்னும் எவ்வளவு அசையலாம் என்பதைத் தீர்மானிப்பன அவையே. அந்த அசைவு 0.07 மில்லிமீற்றருக்கும் 0.13 மில்லிமீற்றருக்கும் இடையே இருத்தல் வேண்டும். குறைந்தால், சூட்டால் விரியும் உலோகம் இறுகிப் பிடிக்கும். கூடினால், தண்டு பெயரிங்கை இடித்துக்கொண்டேயிருக்கும். எண்ணெய் கசிந்து கிளச்சை நனைக்கும். முறை இது: முதலில் இரண்டு சிம்களை மட்டும் இட்டு, சில்லைப் பூட்டி, டயல் கேஜ் என்னும் முள்மானியால் அசைவை அளக்கவேண்டும். கிடைத்த எண்ணிலிருந்து வேண்டிய அசைவைக் கழித்தால் வருவதே மூன்றாவது சிம்மின் தடிப்பு.

“தம்பி, எவ்வளவு காட்டுது?”

“நாப்பத்திரண்டு, அண்ணை.”

“பத்து வைக்கோணும். அப்ப மூண்டாவது?”

“முப்பத்திரண்டு.”

0.42 மில்லிமீற்றரிலிருந்து 0.10ஐக் கழித்தால் 0.32. அந்தத் தடிப்புள்ள சிம்மை நுண்மானியால் அளந்து எடுத்து வைத்தான். கணிதத்தில் தோற்றவன் என்று நாட்டின் பரீட்சைமுறை முத்திரை குத்திய இளைஞன், மில்லிமீற்றரின் நூறிலொரு பங்கிலே தசமக் கழித்தல் செய்து, அதன் விடையை உருக்கிலே எழுதினான். பரீட்சைத் தாளிலே தவறினால் இரண்டு புள்ளி போகும்; இங்கே தவறினால் எஞ்சினே போகும். ஆயினும் அவன் கை நடுங்கவில்லை.

அடுத்தது நடுப்போல்ற்று. சில்லைக் கிராங்க் தண்டோடு பிணைத்து வைத்திருப்பது அந்த ஒன்றுதான். அதனை 30 கிலோகிராம்-மீற்றர் திருப்புவிசையால் இறுக்கவேண்டும். அவ்வளவு பெரிய விசையை அளக்கும் சாவி அந்தக் கராச்சில் இல்லை. சில்லு சுழலாதபடி பூட்டிவிட்டு, 36 மில்லிமீற்றர்ச் சாவியிலே ஓர் இரும்புக் குழாயை மாட்டி, கிடையாக நிறுத்தினர். போல்ற்றின் நடுவிலிருந்து அரை மீற்றரிலே வெண்கட்டியால் ஒரு கோடு கீறப்பட்டது. இளைஞனின் நிறை 60 கிலோகிராம். “குதிக்கப்படாது, ஏறி நிக்கோணும்” என்றார் அண்ணை. அவன் அந்தக் கோட்டின்மேல் மெல்ல ஏறி நின்றான். அறுபதை அரையாற் பெருக்கினால் முப்பது. திருப்பம் என்ற பாடத்தைப் பதினான்கு வயது மாணவருக்கு ஊஞ்சற்பலகைப் படம் கீறி விளக்கும் ஆசிரியர்கள், மனித உடலையே படிக்கல்லாக்கிய இந்தப் பாடத்தை ஒருமுறையேனும் காணவேண்டும் என்று எமக்குத் தோன்றியது.

சில்லின் சமநிலையையும் அவர்கள் சோதித்தனர். மட்டம் பார்த்து வைத்த இரண்டு உருக்குச் சட்டங்களின்மேல், நடுவே தண்டு செருகிய சில்லை வைத்தால், பாரம் கூடிய பக்கம் மெல்ல உருண்டு கீழே வந்து நிற்கும். எங்கு நிறுத்தினாலும் அங்கேயே நிற்பதே சமநிலைப்பட்ட சில்லு. சில்லின் பாரத்தைக் குறைத்தால் வண்டி துள்ளி எழும் என்று சொல்லி வரும் இளைஞர்களுக்கு அண்ணை சொல்வது இது: “விளிம்பிலை எடுத்தால் ஓட்டத்திலை தெரியும். நடுவிலை எடுத்தால் பாரம் மட்டுந்தான் குறையும்.” உயர்தர வகுப்பிலே இதற்குச் சடத்துவத் திருப்பம் என்று பெயர். திணிவை, மையத்திலிருந்து அதன் தூரத்தின் வர்க்கத்தாற் பெருக்கவேண்டும். மையத்திலிருந்து 12 சென்ரிமீற்றரில் உள்ள 100 கிராம் உலோகம், 6 சென்ரிமீற்றரில் உள்ள 100 கிராமைப் போல நான்கு மடங்கு பயன் தரும். எமது மாணவர் இச்சூத்திரத்தைத் தூக்கத்திலும் ஒப்புவிப்பர். ஆனால் ஒரு சில்லைக் கையாற் சுற்றி அந்த நான்கு மடங்கை உணர்ந்தவர் மிகச் சிலர். அண்ணை அதை உணர்ந்திருக்கிறார். சூத்திரத்தை அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. இரண்டு அறிவும் ஒரே ஊரிலே, ஒரே வீதியின் இரண்டு பக்கங்களில், ஒன்றையொன்று பாராமல் வாழ்கின்றன.

இந்தப் பிரிவினை இயற்கையானதன்று. குடியேற்ற ஆட்சிக்குக் கந்தோர்களை நிரப்ப எழுதுவினைஞர் தேவைப்பட்டனர். அதற்கேற்ற கல்வி வந்தது. அந்தக் கல்வி வருமுன்பே கொல்லனையும் தச்சனையும் குயவனையும் சாதியின் பெயராற் கீழே நிறுத்தி வைத்திருந்த சமூகம் நமது. இரண்டும் கைகோத்தன. கையில் எண்ணெய் படாத தொழிலே உயர்ந்த தொழில் என்ற எண்ணம் வேரூன்றியது. அரசியல் விடுதலை வந்த பின்னும் அந்த எண்ணம் எமது வகுப்பறைகளை விட்டு வெளியேறவில்லை. 2013இல் உயர்தரத்திலே தொழினுட்பவியற் பிரிவு தொடங்கப்பட்டது. பட்டறையிலே கற்றவரின் திறமையைச் சோதித்துத் தேசியத் தொழிற் தகைமைச் சான்றிதழ் வழங்கும் ஏற்பாடும் உண்டு. இவை வரவேற்கத்தக்கவை. ஆயினும், படிப்பு ஏறாதவனைக் கராச்சுக்கு அனுப்பு என்ற பேச்சு ஆசிரியர் அறைகளில் இன்றும் கேட்கிறது. சான்றிதழ் ஒருவனுடைய கைக்கு மதிப்புத் தரலாம். அந்தப் பேச்சு அம்மதிப்பை மறுநாளே பறித்துவிடும்.

இந்த அறிவு நாட்டுக்கு என்ன செய்தது என்பதை எண்ணிப் பார்ப்போம். 1960களின் தொடக்கத்திலே அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி இறுக்கப்பட்டது. இருந்த வண்டிகளைக் கொண்டே நாடு ஓடவேண்டியதாயிற்று. 1990களிலே வடபகுதிமீது பொருளாதாரத் தடை விழுந்தபோது பெற்றோல் இல்லை, மின்கலங்கள் இல்லை, உதிரிப்பாகங்கள் இல்லை. கார்பரேற்றரிலே சில துளி பெற்றோல் விட்டுக் கிளப்பி, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டிய அந்தக் காலத்து ஒஸ்ரின்களையும் மொறிஸ்களையும் யாழ்ப்பாணத்தார் மறக்கமாட்டார்கள். நோயாளிகளும் கர்ப்பிணிகளும் ஆஸ்பத்திரிக்குப் போனது அவற்றிலேதான். 2020 மார்ச்சிலே வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியிலேதான் தனியார் வண்டிகளுக்கு வழி திறந்தது. நெருக்கடி வரும்தோறும் நாட்டின் போக்குவரத்தைத் தாங்கியவர்கள், ஒன்றை இன்னொன்றாக்கத் தெரிந்த இந்த மனிதர்களே.

எஞ்சினின் நான்கு அடிப்புகளில் மூன்று வெற்றடிப்பு என்று சொன்னோம். எமது நாட்டின் ஆண்டுகளிலும் வெற்றடிப்புகள் பல வந்தன. அவற்றைக் கடத்திச் சென்றது முன்னைய தலைமுறையினர் கைகளில் ஏற்றி வைத்த திறமை. அது பாரமான சில்லு. ஒரு நாளில் ஏறாதது. ஒரு நாளில் நிற்காதது.

சேமித்த உழைப்பின் பயன் யாருக்குச் சேர்ந்தது என்ற கேள்வி இங்கே எழுகிறது. இக்கேள்விக்கு இந்த வண்டியின் பிறப்பு வரலாறே ஒரு கசப்பான பாடம். வொக்ஸ்வாகன் என்ற சொல்லுக்கு மக்கள் வண்டி என்பது பொருள். 1933இல் ஜேர்மனியில் ஆட்சியைப் பிடித்த நாசிகள் தொழிற்சங்கங்களை நசுக்கி, அவற்றின் சொத்துக்களைப் பறித்து, ஜேர்மன் தொழிலாளர் முன்னணி என்ற தமது அமைப்பிடம் ஒப்படைத்தனர். அந்தச் சொத்தும் சேர்ந்தே வண்டித் தொழிற்சாலையின் மூலதனமாயிற்று. 1938 மே 26ஆம் நாள் அடிக்கல் நாட்டப்பட்டது. வண்டியின் விலை 990 மார்க் என்று அறிவித்தனர். வாரந்தோறும் 5 மார்க் முத்திரை வாங்கி அட்டையில் ஒட்டிவந்தால், அட்டை நிறைந்ததும் வண்டி கிடைக்கும் என்றனர். ஏறத்தாழ 336,000 பேர் சேமித்தனர். அவர்களில் ஒருவருக்கேனும் அத்திட்டத்தின் கீழ் வண்டி கிடைக்கவில்லை. போர் மூண்டது; ஆலை படைவண்டிகள் செய்தது. நாடு பிடித்துக் கொண்டுவந்த கட்டாயத் தொழிலாளர், போர்க் கைதிகள், வதைமுகாம் கைதிகள் எனச் சுமார் 20,000 பேர் அங்கே வேலை வாங்கப்பட்டனர். போருக்குப் பின் ஆலை மீண்டும் எழுந்து பெருஞ்செல்வம் ஈட்டியது. சேமித்தோர் பல ஆண்டுகள் வழக்காடினர். 1961இல் ஏற்பட்ட இணக்கப்படி, புதிய வண்டி வாங்குவோருக்கு 600 மார்க் வரை கழிவு. வாங்காதோருக்கு 100 மார்க் வரை பணம். இவ்வளவே.

ஆயிரமாயிரம் கைகள் உந்தின, சில்லு சுழன்றது, கிளச் யாரோடு சேர்க்கப்பட்டது என்பதே வரலாறு. வண்டியின்மேல் எமக்கு அன்பு உண்டு. 2003 ஜூலை 30ஆம் நாள் மெக்சிக்கோவின் புவேப்லா நகரில் இறுதி வண்டி வெளிவந்தபோது மொத்தத் தொகை 21,529,464 ஆகியிருந்தது. அத்தனை குடும்பங்களுக்குப் பயன்பட்ட பொருளைப் பழிப்பது எமது நோக்கமன்று. ஆயினும், பொருளை நேசிப்பவர் அதன் பின்னால் உள்ள மனிதர்களை மறக்கலாகாது.

எமது கராச்சுகளிலும் அதே கேள்வி நிற்கிறது. ஐம்பது ஆண்டுகள் ஊரின் வண்டிகளை ஓடவைத்த அண்ணைக்கு இளைப்பாற்றுச் சம்பளம் இல்லை. ஏழு முறை கரி பூசி அராவிய வேலைக்குக் கூலி கேட்கும்போது, வாடிக்கையாளர் பாகத்தின் விலையை மறுப்பின்றிக் கொடுத்துவிட்டு, கைக்கூலியிலே பேரம் பேசுகின்றனர். இரும்புக்கு விலை உண்டு, யோசனைக்கு விலையில்லை. அந்தப் பத்தொன்பது வயது இளைஞன் வளைகுடா நாடொன்றுக்குப் போக முயல்கிறான். அங்கே அவனுக்குக் கிடைக்கப்போவது சிம் அளக்கும் வேலையன்று. பழுதான பெட்டியைக் கழற்றிப் புதிய பெட்டியை மாட்டும் வேலை. போகாதே என்று சொல்ல எமக்கு என்ன உரிமை? அவன் வீட்டு அடுப்பு எரியவேண்டும். அவன் போய்விட்டால், அண்ணைக்குப் பின் இந்தக் கராச்சிலே 0.42இலிருந்து 0.10ஐக் கழிக்க ஆளில்லை.

ஆசிரியர்களும் மாணவர்களும் செய்யக்கூடியன சில உள. தேய்ந்த சில்லொன்று பழைய இரும்புக் கடையிலே நிறைக்கு விற்கப்படும். அதை வாங்கி ஆய்கூடத்திலே வைப்போம்; சடத்துவத் திருப்பத்தைக் கரும்பலகையில் எழுதுமுன் மாணவர் அதைச் சுற்றிப் பார்க்கட்டும்; பற்களை எண்ணட்டும்; இரண்டு இடங்களில் மட்டும் ஏன் தேய்ந்தது என்று தாமே கண்டுபிடிக்கட்டும். கராச்சிலே வேலை செய்யும் மூத்தவரை வகுப்புக்கு அழைப்போம். விருந்தினராகவன்று, ஆசிரியராக அழைத்து, ஆசிரியருக்குரிய வேதனத்தையும் கொடுப்போம். அவர்கள் வழங்கும் சொற்களையும் முறைகளையும் தமிழிலே எழுதிவைப்போம். எந்த ஆண்டின் சில்லு எந்தக் கூட்டுக்குள் நுழையும், எந்தப் புஷ் எந்தத் தண்டுக்கு ஒக்கும் என்பதெல்லாம் இன்று சில முதியோரின் ஞாபகத்திலேயே இருக்கின்றன. அவர்களுக்கு உரிய கூலியும், முதுமைக் காப்பும், சான்றிதழும் கிடைக்கவேண்டும் என்று கேட்கும் குரலோடு எமது குரலையும் சேர்ப்போம்.

பொருத்துதல் என்பது வலிந்து திணிப்பதன்று. இரண்டு பொருள்களின் வேற்றுமையை மறைக்காமல் எண்ணிப் பார்த்து, எங்கே எவ்வளவு விட்டுக்கொடுக்கவேண்டும் என்று அளந்து, அந்த அளவை மட்டும் அராவுவது. ஏட்டறிவையும் கையறிவையும் இணைக்க விரும்புவோரும் அவ்வாறே தொடங்கவேண்டும். முன்னோர் உந்திய வேகத்தில் எமது சில்லு இன்னும் சுழன்றுகொண்டிருக்கிறது. அது ஓய்வதற்குள் அடுத்த உந்துதல் வந்தாக வேண்டும். அதைக் கொடுக்கவேண்டியவர்கள் வகுப்பறைகளிலும் இருக்கிறார்கள்.